சொல்லிவிட்டுப் போகவேண்டும், சொன்னவரை விடவேண்டும்!

வேலை கிடைப்பது கஷ்டம். கிடைத்த வேலையை ஒழுங்காக விடுவது அதைவிடக் கஷ்டம்!

இதைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். "வேலையை விடுவதில் என்ன கஷ்டம்? நாளை முதல் போகாமல் இருந்துவிட்டால் தீர்ந்தது" என்பார்கள்.

அப்படிப் போகாமல் இருந்தவர்கள்தான் பிறகு அலைகிறார்கள். நின்றுபோன சம்பளத்துக்கு ஒரு நடை. அனுபவச் சான்றிதழுக்கு ஒரு நடை. சேமநிதிப் பணத்துக்கு ஒரு நடை. நடந்து நடந்து செருப்புத்தான் தேய்கிறது.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பஸ் ஏறினால் சிறிது நேரப் பயணம்தான். ஒரு ஊரில் குடியிருந்து, மறு ஊரில் வேலை பார்க்கிறவர்கள் ஏராளம்.

ராஜபாளையம் மில் ஊர். பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ம் ஆண்டில் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பிறகு மில்கள் பெருகின. அருகே உள்ள சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில் ஊர். ஆண்டாள் பிறந்த ஊர். பால்கோவாவுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019-ம் ஆண்டில் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விருதுநகர் மாவட்டத்தின் ஜில்லா கோர்ட்டும் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே மில் தொழிலாளி, தறி ஓட்டுகிறவர், கடைச் சிப்பந்தி, வக்கீல் குமாஸ்தா, தனியார் பள்ளி ஆசிரியை என்று எல்லா வகையினரும் இந்த இரண்டு ஊர்களிலும் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் ஒரு கேள்வி வருகிறது. "புது இடத்தில் கூப்பிடுகிறார்கள். பழைய இடத்தில் எப்போது சொல்வது? எப்போது விலகுவது? எப்போது போய்ச் சேருவது?"

இந்த மூன்று கேள்விகளுக்கும் சரியான பதில் தெரியாததால் ஒரு மாதச் சம்பளத்தை இழக்கிற குடும்பங்கள் உண்டு. ஒரு மாதச் சம்பளம் என்றால் வீட்டு வாடகை, அரிசி, பால், பிள்ளைகளின் பஸ் கட்டணம் எல்லாம் அதிலே அடக்கம்.

ஏன் முன்கூட்டிச் சொல்லவேண்டும்?

நூல் மில்லில் பஞ்சுப் பொதியைப் பிரிப்பதில் இருந்து வேலை தொடங்குகிறது. பஞ்சைச் சுத்தம் செய்கிறார்கள். சிக்கெடுத்துச் சீவுகிறார்கள். பட்டையாக இழுக்கிறார்கள். பிறகு முறுக்கேற்றி நூலாக்குகிறார்கள். கடைசியில் கோனில் சுற்றுகிறார்கள்.

ஒரு மெஷின் கொடுப்பதைத்தான் அடுத்த மெஷின் வாங்குகிறது. நடுவில் ஓர் ஆள் வராவிட்டால் என்ன ஆகும்? இழை அறுந்துகொண்டே இருக்கும். முடிச்சுப் போட ஆள் இராது. பஞ்சு வீணாகும்.

அப்போது மேஸ்திரி என்ன செய்வார்? பக்கத்து மெஷினில் நிற்கிறவரைப் பார்த்து, "இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்" என்பார். அல்லது ஷிப்டு முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவரை நிறுத்தி வைப்பார்.

ஆகவே சொல்லாமல் போகிறவர் முதலாளிக்கு மட்டும் நஷ்டம் செய்வதில்லை. தன்னோடு சேர்ந்து டீ குடித்த தோழரின் தலையிலும் சுமையை ஏற்றிவிட்டுப் போகிறார்.

பால்கோவா அடுப்பும் அப்படித்தான். பால் வந்துவிட்டால் அது ஆளுக்காகக் காத்திராது. அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். கிண்டுகிறவர் திடீரென்று நின்றுவிட்டால் அன்றைய பால் கெட்டுப்போகும்.

வானத்தில் பறக்கிற வேலையிலும் இதே கதைதான். 2023-ம் ஆண்டில் ஆகாசா ஏர் என்ற விமானக் கம்பெனியில் 43 விமானிகள் நோட்டீசு காலத்தை முடிக்காமல் விலகினார்கள். பல விமானங்கள் ரத்தாயின. பயணிகள் தவித்தார்கள். விவகாரம் கோர்ட்டு வரை போயிற்று.

முன்கூட்டிச் சொல்வது வெறும் மரியாதை மட்டும் அல்ல. அது பிறருடைய பிழைப்பைக் காக்கிற காரியம்.

இரண்டு பக்கமும் உண்டு

ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நோட்டீசு என்பது தொழிலாளி மட்டும் கொடுக்கவேண்டியது அல்ல. முதலாளியும் கொடுக்கவேண்டும்.

1946-ம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகள் இதைத் தெளிவாகச் சொல்லின. நிரந்தரத் தொழிலாளியின் வேலை முடிவதற்கு எழுத்து மூலம் நோட்டீசு வேண்டும். தொழிலாளி விலகினாலும் சரி, முதலாளி விலக்கினாலும் சரி. மாதச் சம்பளக்காரருக்கு 1 மாதம். மற்றவர்களுக்கு 2 வாரம். நோட்டீசு இல்லை என்றால் அதற்கு ஈடான சம்பளம்.

இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு! இதுதான் நியாயம்.

2025 நவம்பர் 21-ந் தேதி முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்திருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு மில்லுக்கும் உரிய நிலையாணையைக் கேட்டுப் படித்துப் பார்ப்பது தொழிலாளிக்கு நல்லது.

கடைச் சிப்பந்திகளுக்கு 1947-ம் ஆண்டின் கடைகள் சட்டம் இருக்கிறது. தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நிறுத்தக்கூடாது. காரணம் இருந்தாலும் 1 மாத நோட்டீசோ, 1 மாதச் சம்பளமோ கொடுக்கவேண்டும். ஒழுங்கீனம் ருசுவானால் மட்டும் விதிவிலக்கு.

தமிழர்கள் நிறைய வேலை பார்க்கிற சிங்கப்பூரில் எப்படி? ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படவில்லை என்றால், 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 1 நாள் நோட்டீசு போதும். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 4 வாரம். அங்கேயும் இரண்டு தரப்புக்கும் ஒரே அளவுதான்.

பிரிட்டனில் சட்டம் தொழிலாளியின் பக்கமே சற்றுச் சாய்கிறது. 1 மாதத்துக்கு மேல் வேலை செய்தவர் குறைந்தது 1 வாரம் முன்பு சொன்னால் போதும். முதலாளியோ, ஆள் நீண்ட காலம் வேலை செய்திருந்தால் 12 வாரம் வரை நோட்டீசு கொடுக்கவேண்டும்.

தராசு சாயலாமா?

இங்கே பல தனியார் நிறுவனங்களின் ஒப்பந்தத் தாளைப் படித்துப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது.

"நீ போவதானால் 3 மாதம் முன்பே சொல்லவேண்டும். நாங்கள் அனுப்புவதானால் உடனே அனுப்புவோம்!"

இது என்ன நியாயம்? வாங்குவதற்கு ஒரு படிக்கல், விற்பதற்கு ஒரு படிக்கல் என்று வைத்திருக்கும் கடையை ஊர் சும்மா விடுமா?

விமானியைப் போல எளிதில் மாற்று ஆள் கிடைக்காத உத்தியோகத்துக்கு நீண்ட கெடு தேவைப்படலாம். பில் போடுகிற பெண்ணுக்கும், கணக்கு எழுதுகிற பையனுக்கும் 3 மாதக் கெடு எதற்கு? எந்தப் புது முதலாளி 3 மாதம் காத்திருப்பார்? கெடு என்ற பெயரில் கதவைப் பூட்டுகிற வேலை அல்லவா இது?

சாதாரண வேலைகளுக்கு 1 மாதம் தாராளம். அதுவும் இரண்டு தரப்புக்கும் சமமாக இருக்கவேண்டும்.

முதலாளிகள் ஒரு குறை சொல்கிறார்கள். "ஒன்றும் தெரியாமல் வந்தவருக்கு வேலை கற்றுக் கொடுக்கிறோம். கற்றதும் 500 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பறந்துவிடுகிறார்" என்கிறார்கள்.

இந்தக் குறையில் உண்மை இருக்கிறது. 2025-ம் ஆண்டில் ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று விஜயா பேங்க் அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த நிபந்தனை செல்லும் என்று கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஆகவே படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

ஆனால் அந்த வழக்கிலும் கேட்கப்பட்டது பணம்தான். ஆளைப் பிடித்து வைத்து, "நீ இங்கேதான் வேலை செய்யவேண்டும்" என்று கட்டாயப்படுத்த எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

அப்படி இருக்கும்போது அசல் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது என்ன வழக்கம்? சான்றிதழ் அடகு நகை அல்ல. படித்தவரின் பல ஆண்டு உழைப்பு. சரிபார்த்த உடனே திருப்பிக் கொடுப்பதுதான் முறை.

தறிக்கூடங்களில் முன்பணம் வாங்குகிற வழக்கம் தமிழ்நாட்டில் பல இடங்களில் இருக்கிறது. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிவிடுகிறார்கள். கடன் தீரும் வரை வேறு இடம் போகக்கூடாது என்று தடுத்தால் அது கொத்தடிமை முறை. 1976-ம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை அடியோடு ஒழித்துவிட்டது.

முதலில் எது?

வேலை மாறுகிறவர் செய்யவேண்டியது என்ன?

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாள் என்று பழமொழி சொல்லும். புது முதலாளியின் வாய்ச்சொல்லை நம்பிப் பழைய வேலையை விடுவது அந்தக் கதைதான். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று அவர் கையை விரித்தால் இரண்டும் போயிற்று.

முதலில் புது இடத்தில் நியமனக் கடிதம் வாங்கவேண்டும். என்ன வேலை, என்ன சம்பளம், எந்தத் தேதியில் சேரவேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் நியமனக் கடிதம் கொடுப்பது இப்போது முதலாளியின் கடமை. கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம்.

கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பழைய இடத்தில் சொல்லவேண்டும். "அண்ணாச்சி, அடுத்த மாசத்துல இருந்து நான் வரலை" என்று வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு நகலில், "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கவேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பலாம்.

ராஜினாமாக் கடிதத்தில் மனக்குறைகளைக் கொட்டவேண்டியதில்லை. எந்தத் தேதியோடு விலகுகிறார் என்பது இருந்தால் போதும்.

தேதிக் கணக்கு

ஒரு கணக்கைப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

ஜூன் 5-ந் தேதி ஒருவர் 1 மாத நோட்டீசு கொடுக்கிறார். ஜூலை 4-ந் தேதியோடு கெடு முடிகிறது. புது இடத்திலோ ஜூலை 1-ந் தேதி வரச் சொல்கிறார்கள்.

இதற்கு மூன்று வழி உண்டு. புது இடத்தில் ஜூலை 7-ந் தேதி வரை தவணை கேட்கலாம். பழைய இடத்தில் ஜூன் 30-ந் தேதியே விடுவிக்கும்படி கேட்கலாம். விதி இடம் கொடுத்தால், குறைகிற 4 நாளுக்குச் சம்பளத்தை ஈடு கட்டலாம்.

இவற்றில் முதல் வழியே நல்லது. இரண்டாவது வழி என்றால், "விடுவித்தோம்" என்ற எழுத்து கையில் இருக்கவேண்டும்.

பழைய இடத்தின் கடைசி நாளுக்கும் புது இடத்தின் முதல் நாளுக்கும் நடுவில் இரண்டொரு நாள் இடைவெளி இருப்பது நல்லது. கணக்கு முடிக்கிற கிளார்க் ஒரு நாள் லீவு போட்டாலும் பதற்றம் இராது.

வீட்டுச் செலவுக்கும் கணக்குப் பார்க்கவேண்டும். ஜூலை 7-ந் தேதி சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் ஆகஸ்டு முதல் வாரத்தில்தான் வரும். அதுவும் 25 நாள் சம்பளம்தான். நடுவில் ஆடி மாதம் வருகிறது. ஆண்டாள் தேர் பார்க்க விருந்தாளிகளும் வருவார்கள்! ஆகவே புது வேலைக்குக் கிளம்பும் முன், 1 மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று வீட்டில் கலந்து பேசவேண்டும். கணவன் மட்டும் முடிவு செய்துவிட்டு மனைவிக்குக் கடைசியில் சொல்வது சரி அல்ல. அரிசிப் பானையின் ஆழம் அவளுக்குத்தான் தெரியும்.

கோவைக்கோ திருப்பூருக்கோ குடும்பத்தோடு போகிறவர், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பரீட்சை முடிகிற நாளையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மனம் மாறினால்?

ராஜினாமா கொடுத்த பிறகு மனம் மாறினால் என்ன செய்வது?

அலகாபாத் ஐகோர்ட்டு நீதிபதி சதீஷ் சந்திராவே அப்படி மனம் மாறினார். 1977 ஆகஸ்டு 1-ந் தேதி முதல் விலகுவதாக மே மாதத்திலேயே எழுதிக் கொடுத்தார். ஜூலை மாதத்தில் அதை வாபஸ் வாங்கினார். வாங்கியது செல்லுமா என்று வழக்கு நடந்தது. செல்லும் என்று 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. குறித்த தேதி வருவதற்குள் வாபஸ் வாங்கலாம் என்பது அதன் கருத்து.

ஆனால் எல்லோருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடக்கூடாது. ஒப்பந்தமும் விதியும் வேறாக இருந்தால் முடிவும் வேறாகும். யோசித்து எழுதுவதே புத்திசாலித்தனம்.

கைக்கு வரவேண்டிய பணம்

விலகுகிறவருக்குச் சேரவேண்டியதை இழுத்தடிக்கக்கூடாது. இப்போது நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் 2 வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைக் கொடுத்துவிடவேண்டும். "அடுத்த மாதம் வா, பார்க்கலாம்" என்பது செல்லாது. அப்படிச் சொன்னால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

பணிக்கொடைக்கு 5 ஆண்டு வேலை வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் வந்தவருக்கு இப்போது 1 ஆண்டே போதும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் வாங்குகிறவருக்கு, 5 ஆண்டுக்கு 37,500 ரூபாய் வரும். ஐந்தாம் ஆண்டு முடியச் சில வாரமே இருக்கும்போது அவசரப்பட்டு விலகி இந்தப் பணத்தை விடலாமா?

போனசுக்காகத் தீபாவளி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. போனஸ் சட்டத்துக்கு உட்பட்டவர், அந்தக் கணக்கு ஆண்டில் 30 நாளாவது வேலை செய்திருந்தால், விலகிய பிறகும் தம் பங்கைக் கேட்கலாம்.

சேமநிதி எண் எங்கே போனாலும் ஒன்றுதான். பழைய எண்ணைப் புது இடத்தில் சொல்லி, கணக்கை மாற்றிக்கொள்ளவேண்டும். பணத்தை எடுத்துச் செலவு செய்துவிட்டால் பழைய சர்வீஸ் அறுந்துபோகும். பென்ஷன் பெற 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

"நாளைக்கே வா" என்கிறவர்கள்

புது முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை.

"வருவதானால் நாளைக்கே வா. இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும். அங்கே சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வருகிறவர், இங்கே இருந்தும் அப்படித்தான் ஓடுவார். "பழைய இடத்தில் முறையாகச் சொல்லிவிட்டு வருகிறேன், 1 மாதம் தவணை கொடுங்கள்" என்று கேட்கிறவரே நம்பத்தக்க ஆள். அவருக்குக் காத்திருப்பதில் நஷ்டம் இல்லை.

பழைய முதலாளிகளும் விலகுகிறவரை எதிரியாகப் பார்க்கவேண்டாம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பெரிய பட்டணங்கள் அல்ல. இன்று விலகியவர் நாளைக் கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரே உட்காருவார். நன்றாக அனுப்பி வைத்தால், தம்பியையோ மைத்துனரையோ அதே இடத்துக்கு வேலைக்கு அனுப்புவார்.

இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு போதும். ஒவ்வொரு மில்லிலும், கடையிலும், பள்ளிக்கூடத்திலும் ஒரு தாளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். தொழிலாளி எத்தனை நாள் முன்பு சொல்லவேண்டும்? முதலாளி எத்தனை நாள் முன்பு சொல்லவேண்டும்? கணக்கு எத்தனை நாளில் தீரும்? இந்த மூன்று வரி இருந்தால் போதும்.

முதல் இரண்டு வரியிலும் ஒரே எண் இருக்கவேண்டும். அப்படி இருந்தால் சொல்லாமல் ஓடுகிறவர்களும் குறைவார்கள். சொன்னவரைப் பிடித்து வைக்கிறவர்களும் குறைவார்கள்.